சுவரோரம் ஆறு பாட்டில்கள்

எழுதத் துணிந்ததற்கு முதலில் மன்னிக்க வேண்டும். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றவன் நான். மூளையைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் அது நியாயமான கேள்விதான். ஆஸ்பத்திரி உதவியாளர் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கும் உங்களிடம் வந்து ஒரு மணி நேரம் பேசச் சொன்னார்கள். நான்கு பேர் முகம் பார்த்துப் பேசினால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பேச்சு வேண்டாம், எழுதித் தருகிறேன் என்றேன். அதுவும் அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆரணியில் ஒரு தனியார் நர்சிங் ஹோமில் பதினேழு வருடம் வார்டு பாயாக இருந்தேன். வேலையை விடும்போது எனக்கு ஐம்பது வயது. அப்போதும் பாய்தான். படுக்கை விரிப்பது, நோயாளியைத் தூக்குவது, துடைப்பது, மலஜலம் எடுத்துக் கொட்டுவது. இதெல்லாம் எப்படிச் செய்வது என்று உங்களுக்கு இங்கே சொல்லிக்கொடுப்பார்கள். நான் சொல்லப்போவது அந்த வேலை இல்லை. அந்த வேலை செய்கிற நேரத்தில் கண்ணில் படுவதை என்ன செய்வது என்பது.

கோபத்தோடுதான் எழுதுகிறேன். தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. இத்தனை வருடத்தில் ஆறியிருக்க வேண்டும். ஆறவில்லை.

எங்கள் வார்டில் ஒரு வழக்கம் இருந்தது. வார்டு முனையில் குழாய் வைத்த எவர்சில்வர் டிரம் ஒன்று இருக்கும். அதுதான் குடிதண்ணீர். அதை நான் தொடக் கூடாது. எழுதி ஒட்டவில்லை, வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார்கள். நான் குடிப்பதற்கு வெளியே வாட்ச்மேன் கொட்டகையில் ஒரு குடம். நோயாளி தண்ணீர் கேட்டால் நான் போய் சிஸ்டரிடம் சொல்ல வேண்டும். சிஸ்டர் வந்து பிடித்துக் கொடுப்பார்.

"பீ மூத்திரம் எடுக்கிற கை, சுத்தம் வேணாமா?" என்று காரணம் சொன்னார்கள். சுத்தத்துக்காக என்றால் நானும் ஒப்புக்கொள்வேன், சோப்புப் போட்டுக் கை கழுவுவேன். ஆனால் அதே வேலையை என்னோடு முறை மாற்றிச் செய்த இன்னொருவர் அந்த டிரம்மில் பிடித்துத்தான் குடித்தார். அவர் கைக்கு சோப்புகூடத் தேவைப்படவில்லை. அவர் வேறு தெருக்காரர். இதற்கு மேல் நான் விளக்கத் தேவையில்லை.

இந்த வழக்கத்தால் என் மனசு நொந்தது என்று சொல்ல இதை எழுதவில்லை. இந்த வழக்கத்தால் ஒரு ஆள் சாகக் கிடந்தான். அதற்காக எழுதுகிறேன். உள்ளே போகிற தண்ணீர் ஒருவர் கையில், வெளியே வருகிற தண்ணீர் வேறொருவர் கையில். இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஆள் இல்லை.

அவன் பெயர் மோகன். முள்ளிப்பட்டுக்காரன். இருபத்திரண்டு வயது. வீட்டிலேயே தறி. அண்ணன் செல்வம் ஒரு தறியிலும் இவன் ஒரு தறியிலும் நெய்வார்கள். ஒரு திங்கட்கிழமை காலை செல்வம் அவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான். வரும்போதே மோகன் கையில் ஒரு பெரிய தூக்குச் சட்டி. அதிலிருந்து தண்ணீர் குடித்துக்கொண்டே வந்தான்.

எங்கள் பெரிய டாக்டர்தான் நர்சிங் ஹோமின் முதலாளி. அவர் முன்னால் செல்வம் நின்று முறையிட்டதை நான் கதவோரம் நின்று கேட்டேன்.

"ரெண்டு வாரமா இதே பேஜாருங்க. தறிக்குழில எறங்கி உக்காருவான். பத்து எழை ஓட்ட மாட்டான், தண்ணி குடிப்பான். இன்னும் பத்து எழை, எழுந்து வெளிய ஓடுவான். ஈரக் கையோட வந்து பட்டுத் துணியத் தொடுறான். சேலையில மூணு எடத்துல கறை. பாவு நூல் குடுத்த மொதலாளி வந்து கத்திட்டுப் போனாரு."

"சொம்பை எடுத்து வெச்சிட வேண்டியதுதானே?" என்றார் டாக்டர்.

"எடுத்துட்டேங்க. நேத்து பார்த்தா, மாட்டுத் தொட்டில வாய வெச்சிகினு கீறான். எங்கம்மா அத்தப் பார்த்து மயக்கம் போட்டு வுழுந்துட்சிங்க. பைத்தியம்னு ஊர்ல பேசினா நாளைக்கு யாருங்க பொண்ணு குடுப்பாங்க?"

மோகன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். "தாகமா இருக்குதுங்க" என்று மட்டும் சொன்னான். சொல்லிவிட்டு மறுபடி தூக்குச் சட்டியை வாயில் வைத்தான். சிஸ்டர் சிரித்தார். நானும் சிரித்தேன். அதை மறைக்க விரும்பவில்லை.

சர்க்கரை நோயாக இருக்கும் என்று ரத்தமும் சிறுநீரும் பார்த்தார்கள். இரண்டிலும் சர்க்கரை இல்லை. நான் எடை பார்த்தேன்: ஐம்பத்தொரு கிலோ. சீட்டில் சிஸ்டர் எழுதினார். எனக்கு வேலையில் பிடித்த ஒன்று எடை பார்ப்பது. யாரும் பேச வேண்டியதில்லை, முள் பேசும்.

சாயங்காலம் டாக்டர் வார்டுக்கு வந்தார். அதற்குள் மோகன் எத்தனை தடவை பாத்ரூம் போனான் என்று எண்ணி முடியாது. டாக்டர் சீட்டைப் பார்த்தார். "சர்க்கரை இல்ல, ஒண்ணும் இல்ல. மனசுல புடிச்சிகினு இருக்கிற பழக்கம். தண்ணியக் கொறச்சா மூத்திரம் தானா கொறயும். ஒரு நாளைக்கு ஒரு லிட்டர். அதுக்கு மேல ஒரு சொட்டு கூடாது" என்றார்.

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. நிறையக் குடிக்கிறான், அதனால் நிறையப் போகிறான். எங்கள் எல்லோருக்கும் அது புரிந்தது. அதைத் திருப்பிப் போட்டு யோசிக்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நிறையப் போகிறது, அதனால் நிறையக் குடிக்கிறான் என்று இருக்கலாமே. இதை நினைக்க எந்தப் படிப்பு வேண்டும்?

மறுநாள் செவ்வாய். காலை ஆறு மணிக்கு நான் டூட்டிக்கு வந்தேன். பாத்ரூம் கழுவப் போனால், மோகன் தரையில் முட்டி போட்டு, கழுவுகிற குழாயில் வாய் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டான். "அண்ணா, சொல்லிடாதீங்கண்ணா. ராத்திரியெல்லாம் இதுலதான் உயிரு இருந்துச்சு."

நான் சொல்லிவிட்டேன்.

அதுதான் நான் செய்த தப்பு. பெரிய தப்பு. விதி என்று ஒன்று இருந்தது, நான் விதிப்படி நடந்தேன். விமலா சிஸ்டர் என்னைப் பாராட்டினார். "நல்ல வேள பார்த்த ஏழுமல. இல்லன்னா இவன் நம்பளயே ஏமாத்தியிருப்பான்." உடனே பாத்ரூமைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். மற்ற நோயாளிகள் கேட்டால் திறந்துவிடுவார். மோகனுக்குப் படுக்கையிலேயே யூரின் கேன். அதை எடுக்க நான்.

அவனுக்கு மிச்சமிருந்த தண்ணீரை அவனிடமிருந்து பிடுங்கியது டாக்டர் இல்லை, அண்ணன் இல்லை. நான்.

ஏழு மணிக்கு முன்பே முதல் கேன் நிறைந்தது. கொட்ட வேண்டிய இடம் பூட்டிய பாத்ரூமுக்குள் இருந்தது. சிஸ்டர் பிரசவ அறையில். கேனை எவ்வளவு நேரம் கையில் வைத்துக்கொண்டு நிற்பது? ஏற்றி முடித்த குளுக்கோஸ் பாட்டில்களைப் பழைய சாமான் கடைக்காரருக்காக ஒரு கூடையில் சேர்த்துவைப்போம். அப்போதெல்லாம் அரை லிட்டர் கண்ணாடி பாட்டில். ஒன்றை எடுத்து ரப்பர் மூடியைப் பிடுங்கி அதில் ஊற்றி, வார்டுக்கு வெளியே நடையில் சுவரோரம் வைத்தேன். சிஸ்டர் வந்ததும் கொட்டிவிடலாம் என்று.

ஊற்றும்போது ஒன்று தெரிந்தது. பத்து நாள் கேன் எடுத்தவர்கள் எல்லோரும் இதை அறிவார்கள்: தண்ணீர் குடிக்காதவன் சிறுநீர் டீத்தூள் கலரில் இருக்கும், வாடை மூக்கில் ஏறும். இது குழாய்த் தண்ணீர்போல இருந்தது. நிறமில்லை, வாடையில்லை.

பாத்ரூம் குழாயில் குடித்தது இறங்குகிறது என்று நினைத்துக்கொண்டேன். அரை மணியில் இன்னொரு கேன். ஒன்பது மணிக்குள் இரண்டு பாட்டில் நிறைந்தது. பத்தே முக்காலுக்கு மூன்றாவது. சிஸ்டர் வந்த பிறகும் சாவி கேட்க எனக்கு வாய் வரவில்லை, பாட்டில்கள் அங்கேயே நின்றன. எந்த பாட்டிலும் நிறம் மாறவில்லை. குடித்ததோ காலையில் ஒரு டம்ளர், மாத்திரைக்கு அரை டம்ளர். அது எனக்கு எப்படித் தெரியும் என்றால், மோகனிடம் கேட்டேன். சிஸ்டரின் நோட்டிலும் அது இருந்தது. எத்தனை பாட்டில் என்ற என் கணக்கு அதில் இல்லை. நோட்டில் "சிறுநீர்: ஏழு தடவை" என்று மட்டும் இருந்தது. தடவை! ஒரு ஸ்பூனும் ஒரு தடவைதான், ஒரு குடமும் ஒரு தடவைதான்.

பதினொரு மணிக்கு மோகனுக்கு உடம்பு கொதித்தது. நெற்றியில் ஈரத்துணி போடச் சொன்னார்கள். போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்த் திரும்பினால் துணி காய்ந்து கிடக்கிறது. மறுபடி நனைத்துப் போட்டேன். மறுபடி காய்ந்தது. காய்ச்சல் இவ்வளவா என்று நின்று பார்த்தேன். துணியை இழுத்து வாயில் வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

நாக்கு மரக்கட்டை மாதிரி இருந்தது. உதடு வெடித்திருந்தது. "ஐஸ் தண்ணி இருந்தா இன்னும் நல்லா இருக்கும்ண்ணா" என்றான். அந்த நிலையிலும் ஐஸ் தண்ணீர் கேட்கிறானே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. துணியை நன்றாகப் பிழியாமல் போட்டேன். நான்கு தடவை போட்டேன். அந்தத் துணி நனைத்த வாளி கழுவுகிற வாளி. அதைத் தொடத்தான் எனக்கு உரிமை இருந்தது.

துணி போடும்போது அவன் பின்மண்டையில் கை பட்டது. முடி குட்டையாக வளர்ந்து, நடுவில் தழும்பு.

"இது எப்ப?"

"மூணு வாரம் ஆச்சுண்ணா. போளூர் பக்கம் திருமலைக்குப் போயிருந்தோம், ஃபிரெண்ட்ஸ்ங்க. எறங்குறப்போ படியில வழுக்கிட்டேன். கொஞ்ச நேரம் நெனப்பே இல்லன்னு சொன்னாங்க. போளூர்ல தையல் போட்டாங்க."

"டாக்டர்கிட்ட சொன்னியா?"

"அண்ணன் வாணாம்னான். பாவு தறியில இருக்க ஊர் சுத்தினேன்னு அவனுக்குக் கோவம்."

சிஸ்டரிடம் போய்ச் சொல்ல நினைத்தேன். அவர் மேஜை வரைக்கும் போனேன். "இன்னா?" என்றார். "ஒண்ணுமில்ல சிஸ்டர்" என்று திரும்பி வந்துவிட்டேன். என் கூச்சத்தைப் பற்றி ஊரில் எல்லோரும் நல்லவிதமாகப் பேசுவார்கள், அமைதியான ஆள் என்பார்கள். அந்தப் பத்தடி தூரத்தைத் திரும்பி நடந்ததை நினைத்தால் எனக்கு அமைதி என்ற சொல்லே பிடிப்பதில்லை.

ஒரு மணிக்கு மேல் மோகனின் பேச்சு மாறியது. கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. போர்வைக்குள் இரண்டு காலும் மாறி மாறி அழுத்தின. கை ஒரு கயிற்றை இழுப்பதுபோல இழுத்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. நெய்துகொண்டிருந்தான்.

"இன்னும் ரெண்டு முழம்தாண்ணா. முடிச்சிட்டுக் குடிச்சிக்கிறேன்."

செல்வம் பக்கத்தில் நின்றான். "நடிக்கிறான். வீட்டுல ஒழுங்கா தறியில உக்கார மாட்டான், இங்க வந்து தறி நெய்யறான்" என்றான். ஆனால் விலகிய போர்வையை இழுத்து மூடினான்.

விரிப்பு நனைந்திருந்தது. மாற்றுவதற்காக மோகனை இரண்டு கையிலும் ஏந்தித் தூக்கினேன். அப்போதுதான் என் கைக்குத் தெரிந்தது. முந்தின நாள் வயிற்றை எக்ஸ்ரே எடுக்க, உயரமான மேஜையில் அவனைத் தூக்கி ஏற்றினதும் நான்தான். இது அந்த ஆள் இல்லை. நேற்றைவிட லேசாக இருந்தான்.

பதினேழு வருடம் ஆட்களைத் தூக்கினவன் கைக்கு என்ன தெரியும் என்று நினைக்காதீர்கள். தெரியும்.

அந்த நேரம் பார்த்து விமலா சிஸ்டர் நடையில் வந்தார். சுவரோரம் ஆறு பாட்டில். மதியத்துக்குள் ஆறாவதும் கழுத்து வரை நிறைந்திருந்தது.

"யாருடா இது, தண்ணி புடிச்சு வரிசையா வெச்சிருக்கிறது?"

"தண்ணி இல்ல சிஸ்டர். மோகனுது."

ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். முகர்ந்து பார்த்தார். முகம் சிவந்தது. "இவ்ளோவா? ஒரு லிட்டர்கூடக் குடிக்காதவனுக்கு மூணு லிட்டர் எங்கிருந்து வந்துது? யாரு குடுத்தா?"

நான் வாய் திறப்பதற்குள் அவரே பதிலையும் கண்டுபிடித்துவிட்டார்.

"நீதான குடுத்த? பாவம்னு பரிதாபப்பட்டு டிரம்ல புடிச்சுக் குடுத்திருக்க. உண்மையச் சொல்லு, டிரம்மத் தொட்டியா?"

செல்வமும் வந்துவிட்டான். "டாக்டரு கூடாதுன்னு சொன்னத நீ குடுத்தியா? எங்க வூட்டுப் பையனுக்கு, உங்... உன் கையால?" சொல்ல வந்ததைப் பாதியில் விழுங்கினான். விழுங்கினது எல்லோருக்கும் கேட்டது.

பாருங்கள். ஒரு ஆள் உடம்பிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கான சாட்சி சுவரோரம் ஆறு பாட்டிலில் நிற்கிறது. அதைப் பார்த்து அவர்களுக்கு வந்த ஒரே கேள்வி, இவன் டிரம்மைத் தொட்டானா என்பது. மற்றதெல்லாம் அந்தக் கேள்விக்குப் பின்னால் மறைந்துபோயிற்று. வார்டு முழுவதும் தலையைத் தூக்கிப் பார்த்தது. ஒரு அம்மா தன் சொம்பில் இருந்த தண்ணீரை ஜன்னல் வழியாகக் கொட்டினார்.

பெரிய டாக்டர் வெளியூர் போயிருந்தார். மதியம் இரண்டு மணிக்கு டூட்டிக்கு வருகிற சின்ன டாக்டரம்மா அப்போதுதான் படியேறி வந்தார். படிப்பு முடித்து ஒரு வருடம்கூட ஆகாதவர். "என்ன சத்தம்?" என்றார். சிஸ்டர் ஒரு பக்கம், செல்வம் ஒரு பக்கம். நான் தண்ணீர் கொடுத்துவிட்டேன் என்று இருவரும் சொன்னார்கள்.

"குடுத்தீங்களா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

ஈரத்துணி ஞாபகம் வந்தது. அதைச் சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் பொய். சாமி மேல் சத்தியம் பண்ணலாம் என்று தோன்றியது. என் சத்தியத்தை அங்கே யார் வாங்குவார்கள்? அப்போது கையில் இருந்த அந்த லேசு ஞாபகம் வந்தது.

"ஈரத்துணியச் சப்பினான், நான் தடுக்கலம்மா. வேற குடுக்கல" என்றேன். "எடை பாருங்கம்மா. நான் தண்ணி குடுத்திருந்தா எடை எறங்கியிருக்காது."

அன்றைக்கு நானாகப் பேசினது அவ்வளவுதான். பதினேழு வருடத்தில் ஒரு டாக்டரிடம் கேட்டதற்கு மேல் நானாகச் சேர்த்துச் சொன்ன வாக்கியமும் அதுதான்.

அவனைத் தூக்கிக்கொண்டு நானே மெஷினில் ஏறினேன். பிறகு அவனைக் கட்டிலில் விட்டுவிட்டு நான் மட்டும் ஏறினேன். கழித்துப் பார்த்தோம். நாற்பத்தாறு. முந்தின நாள் சீட்டில் ஐம்பத்தொன்று.

டாக்டரம்மா நடைக்குப் போய் ஆறு பாட்டிலையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். திரும்பி வந்து, "தலையில அடி ஏதாவது பட்டுச்சா இவருக்கு?" என்றார்.

செல்வம் கட்டில் பக்கம் திரும்பிக்கொண்டான். "மூணு வாரம் முன்னாடிம்மா. பின்மண்டையில. திருமலை படியில" என்றேன்.

அவர் பெரிய டாக்டருக்குப் போன் போட்டார். நாங்கள் கேட்டது இந்தப் பக்கத்துப் பேச்சு மட்டும். "இல்ல சார்... அஞ்சு கிலோ சார்... தூக்க ஊசியா? சார், தூங்கிட்டா தண்ணின்னு கேக்கக்கூட முடியாதே சார்... சாயங்காலம் வரைக்கும் தாங்காது சார்." போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அதன் மேலேயே கை வைத்து நின்றார். அவருக்கும் அது வேலைதான். அவருக்கும் பயம்தான்.

"தண்ணி குடுங்க" என்றார். "உக்கார வெச்சு, கொஞ்சம் கொஞ்சமா. மடக்மடக்குன்னு வேணாம். நான் டிரிப் போடறேன். வேலூருக்கு வண்டி சொல்லுங்க."

சிஸ்டர் நகரவில்லை. பெரிய டாக்டர் சொன்னதை மீறுவதா என்ற யோசனை. செல்வமும் நகரவில்லை. நான் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினேன். டம்ளரை எடுத்தேன். டிரம் குழாயைத் திருகித் தண்ணீர் பிடித்தேன். வார்டே பார்த்தது. மோகனை மார்பில் சாய்த்து உட்காரவைத்து, ஒரு வாய், இன்னொரு வாய் என்று கொடுத்தேன். டம்ளரைப் பல்லால் கடித்தான். இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது.

வண்டியில் நானும் போனேன். நிறைந்த பாட்டில் ஒன்றை டாக்டரம்மா என் மடியில் வைத்து அனுப்பினார்.

வேலூர் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் அந்த பாட்டிலிலிருந்து கொஞ்சம் எடுத்து அடர்த்தி பார்க்கிற ஒரு கண்ணாடி மிதவையைப் போட்டுப் பார்த்தார். "இது கிட்டத்தட்ட வெறும் தண்ணி" என்றார். ரத்தத்தில் உப்பு ஏறிக்கிடந்தது. மோகன் கண் முன்னால் விரலை இப்படியும் அப்படியும் ஆட்டி, ஓரத்தில் தெரிகிறதா என்று கேட்டார். எதற்கு என்று பிறகு சொன்னார். அவர் எனக்கும் செல்வத்துக்கும் சேர்த்துச் சொன்னதை எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன்.

மூளையின் அடிப்பக்கத்தில், நட்டநடுவில், ஒரு பாதாம் பருப்பு அளவுக்கு ஒரு இடம் இருக்கிறது. ஹைப்போதலாமஸ் என்று பெயர். கண்ணிலிருந்து போகிற நரம்புகள் அதன் முன்னால்தான் ஒன்றையொன்று குறுக்கே தாண்டுகின்றன. அதனால்தான் பார்வையைப் பார்த்தார். இவ்வளவு சின்ன இடம், ஆனால் பசி, தாகம், தூக்கம், உடம்புச் சூடு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வது அதுதான். அதற்குக் கீழே ஒரு மெல்லிய தண்டு. தண்டின் நுனியில் கொண்டைக்கடலை அளவுக்குப் பிட்யூட்டரி சுரப்பி தொங்குகிறது. உடம்பு வளர்வது, ஆளாவது, பிள்ளை பெறுவது, பால் சுரப்பது என்று பலதுக்கும் மேலிருக்கிற இடம் சொல்ல, கீழிருக்கிற சுரப்பி செய்கிறது.

சிறுநீரகம் தண்ணீரை விடாமல் பிடித்துவைக்க ஒரு சுரப்பு வேண்டும். அதுவும் மேலேதான் உண்டாகிறது. தண்டு வழியாகக் கீழே இறங்கி ரத்தத்தில் கலக்கிறது. மோகன் விழுந்த அடியில் அந்தத் தண்டு அடிபட்டிருந்தது. சுரப்பு வரவில்லை. பிடித்துவைக்கச் சொல்ல ஆளில்லாததால் சிறுநீரகம் வந்த தண்ணீரையெல்லாம் விட்டுக்கொண்டே இருந்தது. ரத்தம் கெட்டிப்பட்டது. உடனே அதே ஹைப்போதலாமஸில் தாகத்தைப் பார்க்கிற பகுதி, குடி, குடி என்று கத்த ஆரம்பித்தது. அதற்கு அடிபடவில்லை.

"அப்ப பழக்கம் இல்லீங்களா சார்?" என்றான் செல்வம்.

டாக்டர் அவனைப் பார்த்தார். "உன் தம்பிகிட்ட ஒழுங்கா வேலை செஞ்சது அவன் தாகம் ஒண்ணுதான்பா. அவன் குடிச்சிகினே இருந்த வரைக்கும் பொழச்சிகினு இருந்தான். நீங்க எல்லாரும் சேர்ந்து அத்தப் போய் நிறுத்தினீங்க."

செல்வம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். "மாட்டுத் தொட்டில குடிச்சப்போ முதுகுல அடிச்சேன்" என்றான். என்னிடம் சொன்னானா, தனக்கே சொன்னானா தெரியாது. பிறகு போய் இரண்டு டீ வாங்கி வந்தான். ஒன்றை என் கையில் கொடுத்தான். குடித்தோம்.

அந்த ஒரு சொட்டு சுரப்புக்குப் பதிலாக மூக்கில் விடுகிற மருந்து இருந்தது. அதை விட ஆரம்பித்தார்கள்.

இப்போது உங்களிடம் வருகிறேன். ஹைப்போதலாமஸ் என்ற பெயரை நீங்கள் மறந்தாலும் பரவாயில்லை. தலையில் அடிபட்டு வருகிறவர்களை, மூளையில் ஆபரேஷன் ஆனவர்களை நிறையப் பார்ப்பீர்கள். சிலர் ஓயாமல் தண்ணீர் கேட்பார்கள். சிலருக்குச் சாப்பிட்டும் பசி அடங்காது. சிலர் பகலெல்லாம் தூங்குவார்கள். காரணம் தெரியாமல் சிலருக்கு உடம்பு கொதிக்கும், சிலருக்குச் சில்லிடும். "தொல்ல கேஸ்" என்று உங்களுக்கு முன்னால் இருப்பவர்கள் சொல்லுவார்கள். சொல்லட்டும். நீங்கள் அளவு எடுங்கள். தடவை எழுதாதீர்கள், எத்தனை மில்லி என்று எழுதுங்கள். உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் ஒரே தாளில் எழுதுங்கள். அந்தத் தாளை உங்களிடமிருந்து பிரித்துவைக்க யாராவது வழக்கம் காட்டினால், அது எந்தத் தெருவின் வழக்கமாக இருந்தாலும், ஏன் என்று கேளுங்கள். வாய் வராவிட்டால் பாட்டிலை வரிசையாக வையுங்கள். எனக்கு வாய் வராமல்தான் பாட்டில் நின்றது. ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள். அன்று காலை பாத்ரூம் பூட்டாமல் இருந்திருந்தால் நான் கேனைக் கொட்டிவிட்டு, எட்டாவது தடவை என்று சொல்லிவிட்டு, சாப்பிடப் போயிருப்பேன். மோகன் தறி நெய்துகொண்டே போயிருப்பான்.

மறுநாள் புதன்கிழமை. மோகன் பகலில் நான்கு தடவைதான் சிறுநீர் கழித்தான் என்று பிறகு சொன்னார்கள். ஐஸ் தண்ணீர் கேட்கவில்லையாம். நான் காலை பஸ்ஸில் ஆரணிக்கு வந்து மதியம் டூட்டியில் சேர்ந்தேன். நடையில் இருந்த ஐந்து பாட்டிலும் கழுவிக் கூடையில் கிடந்தன. டிரம்மை சிஸ்டர் அறைக்குள் மாற்றியிருந்தார்கள். கதவில் புதுப் பூட்டு தொங்கியது.